மருத்துவ மாதரசி ஐடா ஸ்கட்டர்

நம் ஒக்கலிபுரத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு வேலூர் புதிய ஊரன்று. உள்ளூர் வைத்தியத்தில் குணம் காணாத நோய் ஒன்று வீட்டில் தோன்றிவிட்டால், நோயாளியை வேலூருக்குக் கொண்டு செல்லலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்வது இங்கு நெடுநாளைய வழக்கம். அருகிலுள்ள நகர இரயில் நிலையத்தில் வண்டி ஏறி, பங்காருப்பேட்டை, ஜோலார்பேட்டை, ஆம்பூர், குடியாத்தம் ஆகிய ஊர்களைக் கடந்து காட்பாடியில் இறங்கினால், சிறிது தொலைவில் அந்த மாபெரும் மருத்துவமனை நிற்கிறது. அதனை நாடிச் செல்வோர் பலர். அது யாருடைய உழைப்பால் எழுந்தது என்பதை அறிந்தோர் சிலரே. ஒற்றைக் கட்டிலில் தொடங்கி அதனை வளர்த்தெடுத்த ஐடா ஸ்கட்டர் அம்மையாரின் வாழ்க்கையை நம் சங்கத்து ஆண்டு மலரில் நினைவு கூர்வது பொருத்தமுடையது. கடல் கடந்த நாடுகளின் மருத்துவ அறிவு தமிழ் மண்ணில் எவ்வாறு வேரூன்றியது என்பதையும், பின்னர் இருதய நோய் மருத்துவத்தில் அம்மண்ணே எவ்வாறு உலகுக்கு அறிவு வழங்கியது என்பதையும் அவ்வாழ்க்கையினின்று நாம் அறியலாம்.

பிறப்பும் மரபும்

ஸ்கட்டர் குடும்பத்துக்கும் தமிழருக்கும் இருந்த தொடர்பு ஐடாவுக்கு முந்தியது. அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கட்டர் 1819 ஆம் ஆண்டில் அமெரிக்காவினின்று புறப்பட்டு, யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி மருத்துவமும் சமயப் பணியும் புரிந்தவர். பின்னர் 1836 இல் சென்னைக்கு வந்தவர். அவருடைய மக்களுள் பலரும் தென்னாட்டிலேயே பணியாற்றினர். அவர்களுள் ஒருவராகிய இளைய ஜான் ஸ்கட்டருக்கும் சோபியா அம்மையாருக்கும் கடைசிக் குழந்தையாக, 1870 டிசம்பர் 9 ஆம் நாள் இராணிப்பேட்டையில் ஐடா பிறந்தார். ஐந்து ஆண்மக்களுக்குப் பின் பிறந்த ஒரே பெண்மகவு அவர்.

1876 இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் வட ஆற்காட்டுச் சீமையைச் சூறையாடிய காலத்தில் ஐடா சிறுமி. உணவின்றி மடிந்த குழந்தைகளை அப்பிஞ்சு வயதிலேயே அவர் கண்ணால் கண்டார். பின்னர் அமெரிக்கா சென்று பள்ளியில் பயின்றபோது, இந்தியாவுக்குத் திரும்பி வரும் எண்ணம் அவருக்குச் சிறிதும் இருக்கவில்லை. வெயிலும் பஞ்சமும் நோயும் நிறைந்ததாகவே அவர் நெஞ்சில் இந்நாடு பதிந்திருந்தது. தம் குலத்தார் பலரும் ஏற்ற பணியைத் தாம் ஏற்பதில்லை என்றே அவர் உறுதி கொண்டிருந்தார். தாயார் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு 1890 இல் அவர் கப்பலேறியதும், சில காலம் உடனிருந்து பணிவிடை செய்துவிட்டு அமெரிக்காவுக்கே மீளும் எண்ணத்துடன்தான்.

ஓர் இரவும் மூன்று உயிர்களும்

அப்பொழுது அவருடைய பெற்றோர் திண்டிவனத்தில் இருந்தனர். அங்கே ஒரே இரவில் நிகழ்ந்த நிகழ்ச்சிகள் அவர் வாழ்க்கையின் திசையையே மாற்றிவிட்டன. முதலில் ஒரு பிராமணர் வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் இளம் மனைவியைக் காப்பாற்ற வருமாறு ஐடாவை வேண்டினார். தமக்கு மருத்துவம் தெரியாதென்றும், மருத்துவராகிய தம் தந்தையாரை அழைத்துச் செல்லலாமென்றும் ஐடா கூறினார். அந்நிய ஆடவர் ஒருவர் தம் மனைவியைத் தொட்டுப் பார்ப்பதற்கு வந்தவர் இசையவில்லை, திரும்பிச் சென்றார். சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் அன்பர் அதே வேண்டுகோளுடன் வந்து, அதே காரணத்தால் ஏமாற்றத்துடன் சென்றார். மூன்றாவதாக மற்றோர் உயர்குடி இந்துவும் அவ்வாறே வந்து மீண்டார். பொழுது விடிந்ததும் சாவுப் பறை முழங்கியது. விசாரித்தபோது, அம்மூன்று பெண்களும் இறந்து போயினர் என்ற செய்தி கிடைத்தது.

அம்மூவரும் சமயத்தாலும் குலத்தாலும் வேறுபட்டவர்கள். ஆயினும் அவர்கள் இல்லங்களில் நேர்ந்த இழப்புக்குக் காரணம் ஒன்றே. மருத்துவர் அடுத்த தெருவில் இருந்தார். பெண் மருத்துவர் இல்லை. இவ்வுண்மை இருபது வயதைக் கடந்த அந்த நங்கையின் உள்ளத்தைத் தைத்தது. மருத்துவம் கற்று இந்நாட்டுக்கே திரும்பி வருவதாக அவர் தம் பெற்றோரிடம் தெரிவித்தார்.

கற்றலும் மீளலும்

1895 இல் பிலடெல்பியா நகரத்துப் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் ஐடா சேர்ந்தார். நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி 1898 இல் பெண்களுக்கும் கதவைத் திறந்ததும் அங்கு மாறி, 1899 இல் பட்டம் பெற்றார். பெண்கள் மருத்துவம் கற்பதை மேல்நாட்டிலும் பலர் ஏற்காத காலம் அது என்பதை நாம் மறத்தலாகாது.

புறப்படுமுன் வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்டுவதற்குப் பொருள் திரட்ட வேண்டியிருந்தது. அனுபவம் இல்லாத இளம் மருத்துவரை நம்பிப் பெருந்தொகை கொடுப்பார் அரியர். எனினும் ஷெல் என்னும் நியூயார்க் நகரத்துச் செல்வர், காலஞ்சென்ற தம் மனைவியின் நினைவாக 10,000 டாலர் வழங்கினார். அத்துணையுடன் 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஐடா வேலூருக்கு வந்து சேர்ந்தார்.

அனுபவமிக்க தந்தையாரிடம் சில காலம் தொழில் பழகலாம் என்று அவர் எண்ணியிருந்தார். ஆனால் அவ்வாண்டிலேயே தந்தையார் காலமானார். வழிகாட்டுவோர் இன்றித் தம் இல்லத்தின் ஓர் அறையில் ஒரே ஒரு கட்டிலுடன் மருத்துவம் தொடங்கினார் ஐடா. தொடக்கத்தில் மக்கள் அஞ்சினர். நாளடைவில் திரள் திரளாக வந்தனர். இல்லத்துச் சமையற்காரரின் மனைவி சலோமி என்பவரே அவருக்கு முதல் உதவியாளராக அமைந்தார். 1902 இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை 40 படுக்கைகளுடன் திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாதவர்களை நாடி அம்மையாரே சென்றார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் குறித்த நாளில் அவர் வருவார் என்று அறிந்து, புளிய மரத்தடியிலும் ஆல மரத்தடியிலும் நோயாளிகள் காத்திருப்பர். முதலில் மாட்டு வண்டியிலும் பின்னர் மோட்டார் வண்டியிலும் இச்சாலையோர மருத்துவம் ஆண்டுக்கணக்கில் நடைபெற்றது.

மருத்துவர்களை உருவாக்குதல்

எத்துணை உழைத்தாலும் ஒருவருக்கு இரண்டு கைகளே உண்டு. தாம் ஒருவர் நூறு பெண்களைக் காப்பாற்றினும், மருத்துவ உதவி பெறாது மடிவோர் எண்ணற்றவர் என்பதை அம்மையார் கண்டார். மேலை நாட்டினின்று மேலும் மேலும் மருத்துவர்களை வரவழைப்பது இக்குறைக்கு நிலையான பரிகாரம் ஆகாது. இந்நாட்டுப் பெண்களே மருத்துவர்களாக வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். இம்முடிவே அவரை மற்ற நல்ல மருத்துவர்களினின்று வேறுபடுத்துவது.

1909 இல் செவிலியர்க்கான பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பின்னர்ப் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி அமைக்க அரசாங்கத்தை அணுகினார். அதில் சேரச் சில பெண்களேனும் முன்வருவரா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். வந்த விண்ணப்பங்களோ 151. 1918 ஆகஸ்டு 12 ஆம் நாள் பள்ளி திறக்கப்பட்டது. முதலாண்டுத் தேர்வை எழுதிய மாணவியர் பதினால்வரும் தேறினர். மாகாணத்தில் அத்தேர்வு எழுதிய ஆடவருள் பெரும்பாலோர் தவறிய ஆண்டு அது. அதன்பின் பெண்களால் மருத்துவம் கற்க இயலுமா என்ற கேள்வியை எழுப்புவோர் குறைந்தனர்.

பள்ளி வளர வளரப் பொருள் தேவையும் வளர்ந்தது. 1920-களில் அமெரிக்கப் பெண்கள் சங்கங்கள் கீழை நாடுகளில் இருந்த பெண்கள் கல்லூரிகளுக்காகப் பெருமுயற்சி எடுத்து நிதி திரட்டின. ராக்பெல்லர் குடும்பத்து அறநிதியும் துணை நின்றது. வேலூர் நகரத்தில் பெரிய மருத்துவமனையும், பாகாயத்தில் கல்லூரி வளாகமும் எழுந்தன. கடன் வாங்கிக் கட்டிய கட்டடங்கள் அல்ல அவை. சிறுகச் சிறுகச் சேர்ந்த நன்கொடைகள் அவற்றுள் உண்டு.

பெருஞ்சோதனை

1938 ஆம் ஆண்டில் வந்த சோதனை அதுவரை அம்மையார் செய்த பணி அனைத்தையும் அழித்துவிடும் போலத் தோன்றிற்று. அதுகாறும் வேலூர்ப் பள்ளி அளித்து வந்தது எல்.எம்.பி. என்னும் மருத்துவச் சான்றிதழ். இனி எம்.பி.,பி.எஸ். பட்டப் படிப்புக்கே இடம் உண்டு என்று அரசாங்கம் முடிவு செய்தது. மருத்துவக் கல்வியின் தரம் உயர வேண்டும் என்ற நோக்கில் அது தக்க முடிவே. ஆயினும் அதனை நிறைவேற்றப் பன்மடங்கு படுக்கைகளும் ஆய்வுக்கூடங்களும் உயர்பட்டம் பெற்ற பேராசிரியர்களும் வேண்டும். இல்லையேல் பள்ளியை மூட வேண்டும். அப்பொழுது அம்மையாருக்கு வயது 67.

ஓய்ந்திருக்க வேண்டிய வயதில் அவர் மீண்டும் கடல் கடந்தார். உலகப் போர் நடந்துகொண்டிருந்த அவ்வாண்டுகளில் அமெரிக்காவில் ஊர் ஊராகச் சென்று பேசிப் பொருள் வேண்டினார். இங்கு ஒரு கடினமான கேள்வி எழுந்தது. பட்டக் கல்லூரியாக நிலைக்க வேண்டுமானால் பல திருச்சபைகளின் கூட்டு ஆதரவு தேவை. அதனைப் பெற ஆடவருக்கும் கல்லூரியில் இடமளிக்க வேண்டும். பெண்களுக்கென்றே பொருள் கொடுத்த பழைய ஆதரவாளர் சிலர் இதனை வன்மையாக எதிர்த்தனர். நெடுநாள் நட்பும் இதனால் முறிந்தது. பெண்களுக்காகவே வாழ்நாளை ஈந்த அம்மையாருக்கு இது எளிய முடிவாக இருந்திராது. எனினும் நிறுவனம் அழிவதைவிட விரிவதே நன்று என்று அவர் தெளிந்தார். 1942 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் இசைவுடன் எம்.பி.,பி.எஸ். வகுப்பு தொடங்கியது. 1947 இல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர்.

தலைமைப் பொறுப்பை 1946 இல் அம்மையார் விட்டு நீங்கினார். சில ஆண்டுகளுக்குள் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண் மருத்துவர் நிறுவனத்தின் முதல் இந்திய இயக்குநர் ஆனார். அம்மையார் விதைத்தது முளைத்து நிழல் தரத் தொடங்கியதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

இருதய மருத்துவம்

பட்டக் கல்லூரியாக உயர்ந்ததன் பயன் விரைவில் புலனாயிற்று. உலகின் பல நாடுகளிலிருந்தும் வல்லுநர்கள் வேலூருக்கு வந்தனர்; வேலூர் மருத்துவர்களும் வெளிநாடு சென்று பயின்று மீண்டனர். பால் பிராண்டு என்னும் ஆங்கில மருத்துவர் தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தும் முறையை இங்கே வகுத்தார். கனடாவில் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டி 1949 இல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கினார். அதற்கு முந்திய ஆண்டில், 1948 இல், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தினின்று ரீவ் பெட்ஸ் என்னும் அறுவை மருத்துவர் வந்து, இந்தியாவின் முதல் மார்பு அறுவைத் துறையை அமைத்தார்.

அந்த 1948 ஆம் ஆண்டு இருதய மருத்துவ வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அதன் சிறப்பை உணர, நம் நாட்டில் ஏழைகளை மிகுதியும் வாட்டிய ஒரு நோயைப் பற்றி அறிதல் வேண்டும். சிறுவர்களுக்குக் கிருமியால் தொண்டைப் புண் உண்டாகிறது. அதனைக் கவனியாது விட்டால் சிலருக்கு மூட்டு வலியுடன் கூடிய ரூமாட்டிக் காய்ச்சல் வரும். கிருமியை எதிர்த்துப் போராட எழும் உடலின் தற்காப்பு ஆற்றல் இருதயத்தையே தாக்கிவிடுவதால், இருதயத்தின் இடப்பக்கத்து மேலறைக்கும் கீழறைக்கும் இடையேயுள்ள ஈரிதழ் வால்வு தழும்பேறி ஒட்டிச் சுருங்குகிறது. இரத்தம் நுரையீரலில் தேங்கி மூச்சு முட்டுகிறது. இந்நோயுள்ள பெண் கருவுற்றால் ஆபத்து மிகும். கருவுற்ற காலத்தில் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறத்தாழப் பாதி கூடுகிறது. குறுகிய வாயில் அதனைத் தாங்காது. பிரசவத்தில் பெண்கள் மடிவதைக் கண்டு மருத்துவராக உறுதி பூண்டவரின் நிறுவனம் இருதய மருத்துவத்தில் முனைந்து நின்றது எத்துணைப் பொருத்தம்!

1948 இல் பிலடெல்பியாவில் பெய்லியும், பாஸ்டனில் ஹார்க்கனும், இலண்டனில் பிராக்கும் இவ்வால்வை அறுவை முறையால் திறந்து வெற்றி கண்டனர். இருதயம் துடித்துக்கொண்டிருக்கும்போதே அதன் மேலறையினுள் விரலைச் செலுத்தி ஒட்டிய இதழ்களைப் பிரிக்கும் முறை அது. விலையுயர்ந்த இயந்திரம் வேண்டாத அம்முறை நம் நாட்டுக்கு மிகவும் ஏற்றதாக அமைந்தது. வேலூரிலும் அது கைவரப் பெற்றது. பெட்ஸ் தாம் கற்றதைத் தம்முடன் எடுத்துச் செல்லாமல் இந்திய மாணவர்களுக்குக் கற்பித்தார். அம்மரபில் வளர்ந்த கோபிநாத் 1960-களின் தொடக்கத்தில், இருதயத்தைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சையை இந்தியாவில் முதன்முதல் நிகழ்த்திய சிலருள் ஒருவராகத் திகழ்ந்தார்; பின்னர் டில்லியின் அகில இந்திய மருத்துவ நிறுவனத்திலும் அத்துறையை வளர்த்தார். வேலூரின் இருதய மருத்துவத் துறையை உருவாக்கியவரோ கமலா வைத்திலிங்கம் என்னும் பெண் மருத்துவர்.

இவர்கள் மேல்நாட்டு முறையைக் கற்றதோடு நின்றிலர். மேல்நாட்டில் ரூமாட்டிக் காய்ச்சல் கண்ட பல ஆண்டுகளுக்குப் பின்னரே, பெரும்பாலும் நடுவயதில், வால்வு மிகவும் குறுகும். வேலூருக்கு வந்தவர்களிலோ இருபது வயதும் நிரம்பாத இளையோர் பலர் அந்நிலையை எய்தியிருந்தனர். வால்வு நோய் இத்துணை இளமையில் முற்றுவதை மேல்நாட்டுப் பாடநூல்கள் அதிகம் அறியா. கமலா வைத்திலிங்கம், கோபிநாத் உள்ளிட்ட வேலூர் மருத்துவர் குழுவினர், இளம் நோயாளிகளுக்குச் செய்த வால்வு அறுவை சிகிச்சையைப் பற்றி எழுதிய கட்டுரை 1964 இல் பிரிட்டிஷ் இருதய மருத்துவ இதழில் வெளிவந்தது. பாஸ்டனிலிருந்து வேலூருக்கு வந்த கல்வி, வேலூர் நோயாளிகளின் அனுபவத்தைச் சேர்த்துக்கொண்டு இலண்டன் ஏறிற்று. கொடுத்தவர் பெறுபவராகவும், பெற்றவர் கொடுப்பவராகவும் ஆயினர்.

ஐடா அம்மையார் இக்கட்டுரையைக் காண உயிருடன் இல்லை. 1960 மே மாதத்தில், 89 ஆம் வயதில், கொடைக்கானலில் அவர் இயற்கை எய்தினார். அவர் இருதய மருத்துவர் அல்லர். அத்துறையில் கத்தி எடுத்தவரும் அல்லர். ஆயினும் அப்பணிக்கு நிலம் பண்படுத்தியவர் அவரே. 1938 இல் பள்ளி மூடப்பட்டிருந்தால், 1948 இல் பெட்ஸ் வந்து கற்பிப்பதற்கு ஒரு கல்லூரி இருந்திராது.

நாம் கொள்ளத்தக்கது

நாடுகளுக்கிடையே நடைபெறும் கல்விப் பரிமாற்றத்தைச் சிலர் தானம் என்று எண்ணுகின்றனர். சிலர் அடிமைத்தனம் என்று இகழ்கின்றனர். அம்மையாரின் வாழ்க்கை இவ்விரண்டுக்கும் விடையளிக்கிறது. அவர் அயல்நாட்டில் கற்றதை இங்குக் கொணர்ந்தார்; கொணர்ந்ததைத் தம்மிடமே வைத்துக்கொள்ளாமல் இந்நாட்டு மகளிர் கையில் ஒப்படைத்தார்; அவர்கள் தலைமை ஏற்கும் நாள் வந்தபோது வழிவிட்டு நின்றார். கற்பித்தவர் விலகிய பின்னும் கல்வி தங்கி வளருமாயின், அதுவே உண்மையான பரிமாற்றம்.

இன்று இருதய நோய்க்கு வேலூரைத்தான் நாட வேண்டும் என்ற நிலை நமக்கு இல்லை. நம் பெங்களூரிலேயே ஜயதேவ இருதய நோய் மருத்துவ நிறுவனம் ஏழை எளியோருக்கும் சிகிச்சை அளித்து வருகிறது. ஆயினும் ரூமாட்டிக் இருதய நோய் நம் நாட்டை விட்டு இன்னும் அகலவில்லை. நெருக்கமான வீடுகளில் தொண்டைக் கிருமி எளிதில் பரவும். குழந்தைக்குத் தொண்டைப் புண்ணோடு காய்ச்சல் கண்டால் கைவைத்தியத்தோடு நில்லாமல் மருத்துவரிடம் காட்டுவதும், பின்னர் மூட்டுகள் வீங்கி வலித்தால் காலந்தாழ்த்தாமல் இருதயத்தைச் சோதிக்கச் செய்வதும் பெற்றோர் கடமை. ரூமாட்டிக் காய்ச்சல் ஒருமுறை வந்த குழந்தைக்கு மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசியைப் பல ஆண்டுகள் தவறாது போடுமாறு மருத்துவர்கள் சொல்வது, வால்வு மேலும் கெடாமல் காப்பதற்கே. இடையில் குணமாயிற்று என்று நிறுத்திவிடுதல் பெருந்தவறு.

மற்றொன்றும் சொல்லவேண்டும். நம் குடும்பங்களில் பெண்மக்கள் நன்கு படித்தும், தொலைவிலுள்ள ஊருக்கு மேற்படிப்புக்கு அனுப்பப் பெற்றோர் தயங்கும் வழக்கம் முற்றும் மறைந்துவிடவில்லை. 1918 இல் வேலூர்ப் பள்ளிக்கு விண்ணப்பித்த 151 பெண்களின் வீடுகளிலும் அத்தயக்கம் இருந்திருக்கும். அதனை வென்று அனுப்பிய தந்தையரும் தாயரும் பெயர் அறியப்படாதவர்கள். ஐடா அம்மையாரின் புகழில் அவர்களுக்கும் பங்கு உண்டு. அவர்கள் வழியில் நாமும் நம் பெண்மக்களைக் கற்கச் செய்வோமாக. வாழ்க அம்மையார் புகழ்!